முதிர்வயதில் வேண்டும் ஞானம்

டெல்லி கிட்வாய் நகரின் அரசுக் குடியிருப்புகளில் நம்மவர் பலர் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தனர். 1998-ல் மத்திய அரசு ஓய்வு வயதை 58-லிருந்து 60 ஆக உயர்த்தியது. இரண்டு ஆண்டுகள் கூடின. வீட்டைக் காலிசெய்யும் நாளோ தப்பவில்லை. கிழக்கு கிட்வாய் நகரில் அந்தப் பழைய வீடுகளும் இடிக்கப்பட்டு, அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன.

இனி எங்கே? சொந்த ஊருக்கா, பிள்ளைகளிடமா? நரைமயிர் மாத்திரம் இதற்கு விடை தராது. சாலொமோன் இளவயதில் கிபியோனிலே ஞானத்தைக் கேட்டுப் பெற்றான். அவன் இருதயம் வழுவிப்போனதோ வயதுசென்ற காலத்தில்.

பர்சிலாவைப் பாருங்கள். 80 வயதான அவனைத் தாவீது எருசலேமுக்கு அழைத்து, தன்னிடத்தில் வைத்துப் பராமரிப்பதாகச் சொன்னான். உணவின் ருசியும் பாடலின் ஓசையும் தனக்கு எட்டாதென்றும், ராஜாவுக்குப் பாரமாவேன் என்றும் அவன் மறுத்தான். தாய்தகப்பன் கல்லறையருகே மரிக்க விரும்பி ஊர் திரும்பினான். தனக்குப் பதிலாகக் கிம்காமை அனுப்பினான். (நாமோ சபைக் கமிட்டி நாற்காலியை விடவும் தயங்குகிறோம்!)

போவதா, மறுப்பதா என்பதைக் காட்டிலும், நமக்கு இனி எது இயலாது என்று ஒத்துக்கொள்வதே கடினம். பர்சிலா அதை ராஜாவின் முகத்துக்கு முன்பாகவே சொன்னான். ஓய்வுக்கு ஓராண்டு இருக்கும்போதே இதை ஜெபத்தில் வையுங்கள். குடும்பமாக அமர்ந்து பேசுங்கள். காலிசெய்யும் வாரத்தில் பேசத் தொடங்கினால், சாமான் கட்டுவதிலேயே நேரம் போய்விடும்.