1080 டிஐ-யா, 2060 சூப்பரா: புதிய கேம்களுக்கு எதை வைத்துக்கொள்வது?

உங்களிடம் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகள் (திரையில் தெரியும் காட்சிகளைக் கணக்கிட்டு வரைந்து தரும் அட்டை) இருக்கின்றன. ஒன்று 2017-இல் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1080 டிஐ. மற்றது 2019-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை விற்க வேண்டும். புதிய கேம்கள் ஓட வேண்டும் என்பதுதான் உங்கள் கவலை.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 2060 சூப்பரை வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் அச்சிட்ட எண்களைப் பார்த்தால் இதை நம்பவே தோன்றாது.

1080 டிஐ வேகமான கார்டு ஆயிற்றே?

ஆமாம். வந்த புதிதில் அதன் விலை 699 டாலர். 2060 சூப்பரின் விலை 399 டாலர். கணக்கிடும் கருக்கள் அதில் 3,584, இதில் 2,176. நினைவகம் (கேமின் படங்களைக் கார்டு தன்னிடமே வைத்துக்கொள்ளும் இடம்) அதில் 11 ஜிபி, இதில் 8 ஜிபி. ஜிடிஏ 5, விட்சர் 3 போன்ற பழைய கேம்களை இரண்டிலும் ஓட்டிப் பார்த்தால் 1080 டிஐ-தான் முந்தும். இதை மறைக்க வேண்டியதில்லை.

பிறகு ஏன் அதை விற்கச் சொல்கிறீர்கள்?

சில புதிய கேம்கள் அதில் திறக்கவே மாட்டா. ரே டிரேசிங் என்று ஒன்று உண்டு (ஒளி எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்பதைக் கணக்கிட்டு நிழலையும் பளபளப்பையும் வரைவது). ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் இதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. 1080 டிஐ-யில் இல்லை. 2024 டிசம்பரில் வந்த ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்’, 2025 மே மாதம் வந்த ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ இரண்டும் அந்தப் பகுதி இல்லாத கார்டை ஏற்பதில்லை. செட்டிங்ஸை அடிமட்டத்துக்குக் குறைத்தாலும் பயனில்லை. இரண்டு கேம்களுமே குறைந்தபட்சத் தேவையாகச் சொல்லும் என்விடியா கார்டு எது தெரியுமா? உங்களிடம் இருக்கும் அதே 2060 சூப்பர்.

‘1080 டிஐ-யிலும் ரே டிரேசிங் வரும் என்று படித்தேனே’ என்று கேட்பீர்கள். 2019-இல் ஒரு டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) மூலம் என்விடியா அதைத் திறந்துவிட்டது உண்மைதான். ஆனால் மேலே சொன்ன இரண்டு கேம்களுக்கு அது போதாது. அதை ஏற்கும் கேம்களிலும் ஆன் செய்தால் வேகம் படுத்துவிடும்.

எல்லாப் புதிய கேம்களும் இப்படியா என்றால், இல்லை. 2025-இல் வந்த ‘அசாசின்ஸ் க்ரீட் ஷேடோஸ்’ பழைய ஜிடிஎக்ஸ் 1070-ஐக்கூட ஏற்கிறது. ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரிகிறது.

இரண்டாவது காரணம் டிரைவர். புதிய கேம் வரும்போதெல்லாம் என்விடியா அதற்கேற்ற டிரைவரை வெளியிடும். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு இது 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். இனி வரும் கேம் ஒன்று 1080 டிஐ-யில் கோடு கோடாகத் தெரிந்தாலோ பாதியில் நின்றாலோ, அதைச் சரிசெய்யும் டிரைவரை எதிர்பார்க்க முடியாது.

8 ஜிபி போதுமா?

இது நியாயமான சந்தேகம். தாராளமாகப் போதும் என்று சொல்ல மாட்டேன். 1080பி (முழு எச்டி) திரையில், டெக்ஸ்சர் (சுவர், துணி, தோல் போன்றவற்றின் மேற்பரப்புப் படம்) செட்டிங்கை நடுத்தரமாக வைத்தால் சமாளிக்கலாம். ‘இந்தியானா ஜோன்ஸ்’ விளையாடும்போது டெக்ஸ்சர் பூல் என்ற செட்டிங்கைக் கட்டாயம் குறையுங்கள். உயர்த்தினால் நினைவகம் நிரம்பி ஆட்டம் திக்கித் திக்கி ஓடும். 1080 டிஐ-யின் 11 ஜிபி இங்கே ஆசை காட்டும். திறக்காத கேமுக்கு அந்த 11 ஜிபியால் என்ன லாபம்?

குறைந்த வேகத்தை ஈடுகட்ட 2060 சூப்பரில் டிஎல்எஸ்எஸ் இருக்கிறது (காட்சியைச் சிறிதாக வரைந்து, பிறகு செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கும் முறை). 1080பி திரையில் ‘குவாலிட்டி’ என்று வைத்தால் கார்டு உண்மையில் 720பி அளவுக்குத்தான் வரைகிறது. வேலை பாதிக்கும் கீழே குறைகிறது. 2025 ஜனவரியில் வந்த மேம்பட்ட பதிப்பும் இந்தப் பழைய ஆர்டிஎக்ஸ் கார்டுக்குக் கிடைக்கிறது. 1080 டிஐ-யில் ஏஎம்டி-யின் எஃப்எஸ்ஆர் என்ற இதே மாதிரியான வசதி ஓடும். ஆனால் 1080பி திரையில் முடி, இலை, கம்பி வேலி எல்லாம் மினுமினுத்துக் கண்ணை உறுத்தும். ஃப்ரேம் ஜெனரேஷன் (இடையிடையே செயற்கைக் காட்சிகளைச் செருகுவது) என்று விளம்பரத்தில் பார்த்திருந்தால் மறந்துவிடுங்கள். என்விடியாவின் அந்த வசதி 40 வரிசையிலிருந்துதான்.

கரன்ட் செலவில் வித்தியாசம் உண்டா?

1080 டிஐ 250 வாட் இழுக்கும், 2060 சூப்பர் 175 வாட். தினமும் மூன்று மணி நேரம் விளையாடினால் மாதத்துக்கு ஏழு யூனிட் அளவுக்கு மிச்சம். பில்லில் பெரிதாகத் தெரியாது. மே மாதத்தில் அறைச் சூட்டில் தெரியும். யுபிஎஸ்-தான் முக்கியம். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். கரன்ட் போகும் நேரத்தில் 1080 டிஐ முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் கணினி அப்படியே அணைந்துபோக வாய்ப்பு அதிகம்.

இரண்டையும் ஒன்றாக மாட்டினால் வேகம் கூடுமா? கூடாது. அந்தக் காலத்து இரட்டைக் கார்டு ஏற்பாட்டுக்கே ஒரே ரகக் கார்டுகள் இரண்டு வேண்டும். புதிய கேம்கள் அதையும் கைவிட்டுவிட்டன.

யார் 1080 டிஐ-யை வைத்துக்கொள்ளலாம்? 1440பி திரை வைத்துக்கொண்டு 2022-க்கு முந்தைய கேம்களை மட்டும் விளையாடுகிறவர். வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் போதும் என்பவருக்கு இரண்டுமே ஒன்றுதான். அவர் எதற்கு நல்ல விலை கிடைக்கிறதோ அதை விற்கலாம்.

விற்பதற்கு முன் ஒரு வேலை. 2060 சூப்பரை மாட்டி, டிரைவரைப் புதிதாக நிறுவி, ஒரு வாரம் கனமான கேம்களை ஓட்டிப் பாருங்கள். இரண்டு ரகங்களுமே கிரிப்டோ மைனிங்கில் (டிஜிட்டல் நாணயம் ஈட்ட இரவு பகலாகக் கணக்கிட வைப்பது) உழைத்துவிட்டு சந்தைக்கு வந்தவையாக இருக்கலாம். விசிறிச் சத்தம், திரையில் புள்ளிகள், திடீர் ரீஸ்டார்ட் எதுவும் இல்லையென்றால் 1080 டிஐ-யை விற்றுவிடுங்கள். தள்ளிப்போடாதீர்கள், டிரைவர் நின்ற கார்டின் விலை இனி ஏறப்போவதில்லை. அந்த விஷயத்தை வாங்குபவரிடமும் சொல்லிவிட்டே விற்றுவிடுங்கள்.