மும்பைக் கரை பிறந்த கதை

விடுமுறைக்குச் சென்னை வண்டியில் ஏறும் நாம், கர்ஜத் நிலையம் தாண்டியதும் குழந்தைகளை ஜன்னலோரம் அழைத்து மலையைக் காட்டுகிறோம். 1863-இல் திறக்கப்பட்ட போர் காட் இருப்புப்பாதையில் வண்டி மெல்ல ஏறுகையில், சஹ்யாத்ரியின் கரும்பாறைகள் படிக்கட்டுகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருத்தலைக் காணலாம். அவற்றை அடுக்கியது யார்?

ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமி பிளந்து நெருப்புக் குழம்பு வெளிப்பட்டது. பலமுறை பெருகி ஓடிய அக்குழம்பு ஒவ்வொரு முறையும் ஆறி இறுகிற்று, அவையே அப்படிகள். அந்தேரியில் வீடுகளுக்கிடையே ஓங்கி நிற்கும் கில்பர்ட் குன்றின் கல்தூண்களும் அக்குழம்பு ஆறியபோது உருவானவையே. பின்னர், இன்று சேஷல்ஸ் தீவுகளைத் தாங்கும் நிலம் நம் நாட்டினின்றும் பிரிந்து விலகிற்று. இடையே கடல் புகுந்தது. மேற்குக் கரை தோன்றிற்று.

இயற்கையின் வேலை அத்துடன் நிற்கவில்லை. 1870-களில் பிரின்ஸஸ் கப்பல்துறைக்காகத் தோண்டியபோது, கடல் மட்டத்திற்குக் கீழே, சேற்றினடியில் மரங்கள் வேரூன்றியபடியே நிற்கக் கண்டனர். தரையில் வளர்ந்த மரம் அங்கே நிற்குமாயின், நிலம் தாழ்ந்திருத்தல் வேண்டும். அன்றிக் கடல் உயர்ந்திருத்தல் வேண்டும். கரை என்பது நிலையான கோடன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அதன்மேல் மனிதன் கைவைத்தான். ஏழு தீவுகளாய்க் கிடந்த மும்பையில், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹார்ன்பி வெள்ளார்டு என்னும் அணை, வொர்லியருகே கடல் புகுந்த வாயிலை அடைத்தது. குன்றுகளை வெட்டிப் பள்ளங்களைத் தூர்த்தனர். தீவுகள் ஒரே நகரமாயின. எனினும் தூர்த்த பள்ளம் பள்ளமே. கடலேற்ற வேளையில் கனமழை பெய்தால், அங்கே நீர் வடிவதற்கு வழியில்லை.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு கரை புரண்டது, ரயில்கள் நின்றன. நம்மவர் பலர் இடுப்பளவு நீரில் இரவெல்லாம் நடந்து வீடு சேர்ந்தனர். திருநெல்வேலியிலிருந்து வந்தோர் தலைமுறைகளாக வாழும் தாராவியும் அம்மித்தியின் கரையிலேயே உள்ளது.

ஆகவே அன்பர்களே, வாடகைக்கோ விலைக்கோ வீடு பார்க்கும்போது, அவ்விடம் முன்பு மேடா, கழியா என்று அவ்வூர்ப் பெரியவர்களைக் கேட்டறிவோம். கழிமுகத்து அலையாத்திக் காடுகளை அழிப்போர்க்குத் துணை போகாதிருப்போம். பிழைக்க வந்த மண்ணின் வரலாற்றை அறிதலும் அதற்கு நாம் காட்டும் நன்றியன்றோ!