நோயுற்ற நெல்லிலையைத் தபாலில் அனுப்பும் முறை

நெல்லிலையிற் புள்ளிகள் தோன்றினால் அது எரிபந்தமாகவும் இருக்கலாம். கபிலப்புள்ளி நோயாகவும் இருக்கலாம். சத்துக் குறைந்த நிலத்திற் கபிலப்புள்ளி நோய் மிகும். அங்கு தக்க பசளையிடுதல் நன்மை தரும். எரிபந்தம் கண்ட வயலுக்கு யூரியாவை மேலும் இட்டாலோ நோய் மூண்டு பரவும். ஆகவே ஐயமுள்ளவிடத்துப் போதனாசிரியரிடம் விலாசம் கேட்டு, இலை மாதிரியை ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புதல் வேண்டும்.

ஈரமான இலையைப் பொலித்தீன் பையில் இட்டு மூடினால் அது வழியிலேயே அழுகும். அழுகலில் வளரும் வேறு பங்கசுகள் உண்மையான நோயை மறைத்துவிடும். எனவே கமக்காரர் பின்வருவனவற்றைக் கைக்கொள்வாராக:

1. முற்றாகக் காய்ந்த இலை பயன்படாது. பச்சையும் புள்ளியும் சேர்ந்துள்ள இலைகள் பத்துவரை, பனி உலர்ந்த பின்னர்ப் பறித்தல் வேண்டும்.

2. நீண்ட இலையைச் சுருட்டாது, புள்ளியுள்ள பாகத்தை வெட்டி, செய்தித்தாளின் மடிப்புகளுக்கிடையில் ஒன்றன்மேலொன்று படாதவாறு பரப்புக.

3. இருபுறமும் மட்டை வைத்து உறையில் இடுக. மட்டையில்லாவிடின் தபால் முத்திரை குத்தும்போது இலை நசுங்கும்.

4. நெல்லினம், விதைத்த திகதி, இட்ட பசளை, தெளித்த மருந்து, நோய் தொடங்கிய நாள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி உடன் வைக்க. மை ஈரத்திற் கரையும்.

5. வார இறுதியில் உறை தேங்காதவாறு திங்கட்கிழமையே தபாலிற் சேர்க்க.

விடை வரும்வரை அவ்வயலுக்கு யூரியா இடாதிருத்தல் நன்று.