பொறி வராத அடுப்பு

குமிழைத் திருப்பினால் "டக், டக்" என்று சத்தம் கேட்கிறது. அடுப்பு பற்றவில்லை. மறுபடியும் மறுபடியும் திருப்புகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

தீ பற்றாவிட்டாலும் கியாஸ் வந்துகொண்டே இருக்கும். சிலிண்டர் கியாஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு தேங்கி நிற்கும். பிறகு ஒரு பொறி பட்டால் "குப்" என்று பிடித்துக்கொள்ளும்.

பொறி வருவது எப்படி?

சில பொருள்களை அழுத்தினால் மின்சாரம் உண்டாகும். பிரான்சு நாட்டுக் கியூரி சகோதரர்கள் 1880-ம் ஆண்டில் இதைக் கண்டுபிடித்தார்கள். பேட்டரி இல்லாத அடுப்பில் பொறி வருவது இந்த முறையில்தான். குமிழைத் திருப்பியதும் உள்ளே ஒரு சிறு சுத்தி அந்தப் பொருளைத் தட்டும். மின்சாரம் கம்பி வழியாகப் பர்னர் அருகே உள்ள பீங்கான் குச்சிக்கு வரும். அதன் நுனியில் பொறி பறக்கும்.

என்ன செய்யலாம்?

பால் பொங்கிப் பீங்கான் நனைந்தால் பொறி வராது. துடைத்து உலர்த்தினால் போதும். பீங்கானில் கீறல் விழுந்தால் மின்சாரம் வழியிலேயே ஓடிவிடும். அப்போது குச்சியை மாற்றத்தான் வேண்டும்.

அதற்கு முன் ரெகுலேட்டரை மூடவேண்டும். அடுப்பும் ஆறியிருக்க வேண்டும்.

கியாஸ் வாடை அடித்தால் கதவு, சன்னலைத் திறக்கவேண்டும். மின்விளக்கு சுவிட்சைத் தொடவே கூடாது!