குற்றம் யார் மேலும் இல்லை

"சாட்சி சொல்லும்போது எல்லாரும் அழுவுறாங்க சார். திங்கக்கிழமை ஆபீஸுக்குப் போனா அவங்களை அடையாளமே தெரியல" என்றான் அந்தத் தம்பி. திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் சிலர் உட்காருவது வழக்கம். அவன் பொறியியல் முடித்துவிட்டு குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறான். கேள்வி கிண்டலாக வரவில்லை. அவனுக்கே ஒரு சிக்கல் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கிறிஸ்தவனாக நேர்மையோடு வாழ்வது என்றால் என்ன என்று யாரைக் கேட்டாலும் ஒரு பட்டியல் வரும். பொய் சொல்லக்கூடாது, குடிக்கக்கூடாது, லஞ்சம் வாங்கக்கூடாது, காணிக்கைப் பணத்தில் கை வைக்கக்கூடாது. எல்லாம் சரிதான். கடைசியில் சொன்னதையாவது ஒழுங்காகக் கடைப்பிடித்தால் நம் பேராயத் தேர்தல்கள் இத்தனை முறை நீதிமன்றப் படி ஏறியிருக்காது. ஆனால் இந்தப் பட்டியலை முழுக்கக் கடைப்பிடித்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. அவரால் யாருக்கும் பயன் இல்லாமலும் போகலாம். நல்ல சமாரியன் கதையில், கள்ளர் அடித்துப் போட்டவனைப் பார்த்தும் ஒதுங்கிப் போன ஆசாரியனும் லேவியனும் அப்படிப்பட்டவர்கள்தான். அடித்தது அவர்கள் இல்லை, பறித்தது அவர்கள் இல்லை. போலீஸ் வந்து விசாரித்திருந்தால் இருவரையும் சாட்சியாகக் கூடச் சேர்த்திருக்காது.

இதைப் புரிந்துகொள்ள எருசலேம் சாலை வரை போக வேண்டாம். இதே திண்டிவனத்தில் நடந்த ஒன்று இருக்கிறது.

ஐடா ஸ்கடர் பெயரைக் கேட்டதும் எல்லோரும் வேலூர் என்பார்கள். ஆனால் கதை தொடங்கியது இங்கே. அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் 1819-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மருத்துவ மிஷனரி. ஜானின் பிள்ளைகள் 1853-இல் தொடங்கியது ஆற்காடு அமெரிக்க மிஷன். ஐடா 1870 டிசம்பரில் ராணிப்பேட்டையில் பிறந்தார். தாது வருடப் பஞ்சத்தைக் குழந்தையாக இருந்தபோது பார்த்தவர். பட்டினிப் பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுத்த நினைவு அவரை விடவே இல்லை என்பார்கள். அதனாலோ என்னவோ, அமெரிக்காவில் படித்து வளர்ந்தபோது அவர் தீர்மானமாக இருந்த ஒரே விஷயம், தான் மிஷனரி ஆகப்போவதில்லை என்பது. ஸ்கடர் குடும்பத்தில் அது கொஞ்சம் துணிச்சலான முடிவு. 1890-இல் திண்டிவனத்துக்கு வந்ததுகூட அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதால்தான். கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டு திரும்பிவிடுவதாகத் திட்டம்.

ஒரு நாள் இரவு கதவு தட்டப்பட்டது. வந்தவர் ஒரு பிராமணர், இளைஞர். மனைவிக்குப் பிரசவ வலி, மருத்துவச்சியால் முடியவில்லை, நீங்கள் வர வேண்டும் என்றார். நான் மருத்துவர் இல்லை, அப்பாதான் மருத்துவர், அவரை அனுப்புகிறேன் என்றார் ஐடா. வேற்று ஆண் என் மனைவியைப் பார்ப்பதை விட அவள் சாவதே மேல் என்று அவர் போய்விட்டார். பிறகு வந்தவர் ஒரு முஸ்லிம். அதே வேண்டுதல், அதே பதில், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு உயர்சாதி இந்து. அங்கேயும் அதேதான். காலையில் தெருவில் சாவுமேளச் சத்தம். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது.

பிரசங்கங்களில் இந்தக் கதையைத் தேவ அழைப்பு என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு இதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. அந்த இரவில் ஐடா மேல் என்ன தவறு? எதுவும் இல்லை. இருபது வயதைச் சற்றுத் தாண்டிய பெண், மருத்துவம் படிக்காதவர். தன்னால் முடியாது என்று உண்மையைச் சொன்னார். அப்பாவைக் கூட்டிப்போகச் சொன்னார். ஏற்றுக்கொள்ளாதது வந்தவர்கள். அவர்களைக் கூட முழுதாகக் குறை சொல்ல முடியாது, ஊர் வழக்கம் அப்படி. இப்படியே கணக்குப் போட்டுக்கொண்டு போனால் அந்த மூன்று சாவுக்கும் யாருமே காரணம் இல்லை என்று முடியும். ஐடா அந்தக் கணக்கோடு நிம்மதியாகக் கப்பல் ஏறியிருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

குற்றம் யாருடையது என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. இனி இது யார் பொறுப்பு என்ற கேள்விக்குத் தன் பெயரை எழுதிக்கொண்டார். குணம் என்று நான் சொல்வது இதைத்தான்.

பிறகு நடந்ததில் பரவசம் எதுவும் இல்லை, எல்லாம் வேலை. அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்த கையோடு அங்கே சேர்ந்து 1899-இல் பட்டம் பெற்றார். புறப்படும் முன் பெண்களுக்கான மருத்துவமனை ஒன்றுக்குப் பணம் திரட்டச் சொன்னார்கள். ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் இறந்துபோன தன் மனைவி நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1900 தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்தார். பக்கத்தில் நின்று வேலை கற்றுத்தர வேண்டிய அப்பா அதே ஆண்டு இறந்துபோனார். ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கி, 1902-இல் ஷெல் மருத்துவமனை, 1909-இல் செவிலியர் பள்ளி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று போனது. கிராமங்களுக்குப் போய்ச் சாலையோரம் நின்று வைத்தியம் பார்த்ததை இன்றும் வேலூரில் 'ரோட்சைடு' என்றே சொல்கிறார்கள்.

இதில் 1918-ஐக் கவனியுங்கள். மூன்று பெண்கள் செத்ததற்குப் பதிலாக ஒரு பெண் மருத்துவர் வந்தாயிற்று, கணக்கு தீர்ந்தது என்று அவர் இருந்திருக்கலாம். ஆனால் அந்த இரவில் கதவைத் தட்டியது மூன்று பேர் என்றால், தமிழ்நாடு முழுக்க எத்தனை கதவுகள்? அதனால் இங்குள்ள பெண்களையே மருத்துவர் ஆக்க வேண்டும் என்று நினைத்தார். தன் பெயர் நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறவர் இந்த வழியில் போகமாட்டார், தன்னைப் போல நூறு பேரை உண்டாக்கினால் தன் மவுசு குறையும் இல்லையா! 1940களில் அந்தக் கல்லூரி ஆண்களையும் சேர்க்க வேண்டி வந்தபோது, காலமெல்லாம் பணம் திரட்டிக் கொடுத்த அமெரிக்கத் தோழிகளில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கல்லூரி மூடப்படுவதை விட இது மேல் என்று ஐடா அதையும் ஏற்றார். 1960-இல் கொடைக்கானலில் இறந்தபோது அவருக்கு 89 வயது.

"அதெல்லாம் வெள்ளைக்காரங்க கதை சார். நம்ம ஊர்க் கதையைச் சொல்லுங்க" என்றான் தம்பி. நியாயம்தான். நம் கதை கொஞ்சம் கசக்கும்.

விழுப்புரத்திலிருந்து தெற்கே உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் எறையூர் என்று ஓர் ஊர். இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம், 2008-இல் விழுப்புரம் மாவட்டமாக இருந்தது. பழமையான கத்தோலிக்க ஊர், ஜெபமாலை அன்னை ஆலயம். வன்னியக் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் ஒரே பங்கு. ஒரே பூசை, ஒரே நற்கருணை. ஆனால் கோவிலுக்குள் உட்காரும் இடம் வேறு, கல்லறை வேறு, தலித் வீட்டுச் சவ ஊர்வலம் பொதுத்தெரு வழியாகக் கோவிலுக்கு வரக்கூடாது. தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். 2008 மார்ச் 9-ஆம் தேதி கலவரம் வெடித்தது. தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் இறந்தார்கள். அதுவும் சாவுதான், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த ஊரில் தனித்தனியாக யாரைக் கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்கள்? நாங்களா ஆரம்பித்தோம், தாத்தா காலத்து வழக்கம். திண்டிவனத்தில் அந்த மூன்று கணவர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். வழக்கம் என்று ஒன்று இருந்துவிட்டால் எல்லாரும் யோக்கியர்களாகவே இருக்கலாம். வாரம் தவறாமல் பூசைக்குப் போகலாம், பாவசங்கீர்த்தனம் செய்யலாம், வேளாங்கண்ணிக்கு நடந்தே போகலாம், பக்கத்துத் தெருப் பிணத்தை மட்டும் விடமாட்டோம்.

புராட்டஸ்டன்ட் பக்கம் இருக்கும் நாமும் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். 1850-இலேயே மெட்ராஸ் மிஷனரி மாநாடு, சாதி பார்க்காமல் சேர்ந்து உண்ணாதவருக்குச் சபையில் இடம் இல்லை என்று தீர்மானம் போட்டது. லூத்தரன்களின் லைப்சிக் மிஷன் மட்டும் அதற்கு உடன்படவில்லை. தீர்மானம் போட்டு நூற்றெழுபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. நம் சபைக் கல்யாணங்களில் சம்பந்தம் பேசும்போது முதல் கேள்வி என்னவென்று உங்களுக்கே தெரியும். கத்தோலிக்க ஆயர் பேரவையாவது 2016 டிசம்பரில், தலித் மக்கள் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டு, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது.

இனி அந்தத் தம்பியின் சிக்கல். அவன் தாத்தா காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பம். வீட்டில் எல்லாரும் சபையில் உறுப்பினர்கள். ஆனால் பள்ளிச் சான்றிதழில் அப்பா எழுதிவைத்தது இந்து ஆதிதிராவிடர். 1950 ஆகஸ்ட் 10-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து அல்லாத ஒருவர் பட்டியல் சாதியாக முடியாது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர், எத்தனை தலைமுறை ஆனாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். மாநில அரசின் கல்வி உதவித்தொகையில் ஆதிதிராவிடரோடு சேர்த்துக்கொள்வார்கள். வேலை ஒதுக்கீட்டில் சேர்க்கமாட்டார்கள். சாதி சொல்லித் திட்டினால் வன்கொடுமைச் சட்டமும் துணைக்கு வராது. ஊர் அவனை எந்தத் தெருக்காரன் என்று மறக்காது, சட்டம் மட்டும் மறந்துவிடும்.

"பொய் சொல்லாம இருந்தா வேலை போச்சு, பொய் சொன்னா கிறிஸ்தவன் இல்ல. நான் என்ன சார் பண்றது?"

இந்த இடத்தில் போதகர்கள் பலர் எளிதாகப் பேசிவிடுவார்கள். சத்தியம் பேசு, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நான் தெற்கிலிருந்து இந்தப் பக்கம் வாத்தியார் வேலைக்கு வந்த நாடார் குடும்பத்துக்காரன். நாடார் இந்துவாக இருந்தாலும் கிறிஸ்தவராக இருந்தாலும் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர்தான். விண்ணப்பத்தில் கிறிஸ்தவன் என்று எழுத எனக்கு ஒரு பைசா செலவாகவில்லை. அவனுக்கு மட்டும் அதே சொல்லுக்கு ஒரு வேலை விலை. இருவரும் ஒரே திருப்பந்தியில் மண்டியிடுகிறோம்.

அதற்காகச் சட்ட நிலைமையை அவனிடம் மறைக்கவும் முடியாது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பக்கத்துப் புதுச்சேரி வழக்குதான். ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண், எழுத்தர் வேலைக்காகத் தன்னை இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். நம்பிக்கை இல்லாமல், ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்பது அரசியல் சாசனத்தை ஏமாற்றுவது என்று மறுத்துவிட்டார்கள். சான்றிதழ் கிடைத்துவிட்டாலும் கதை முடியாது. யாராவது ஒரு மனு போட்டால் போதும், இருபது வருஷம் வேலை பார்த்த பிறகும் விசாரணை வரும். அது வரை பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் பயம், சபைப் பதிவேட்டில் பெயர் இருக்கப் பயம், அலுவலகத்தில் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொன்னால் பயம். இதை எல்லாம் சொன்னேன். பிற்படுத்தப்பட்டோர் என்று விண்ணப்பித்தால் மதிப்பெண் எவ்வளவு கூட வேண்டியிருக்கும் என்று போன முறை கட்ஆஃபை வைத்துப் பார்த்தோம். எட்டாத உயரம் இல்லை, ஆனால் லேசும் இல்லை.

பிறகு அவனை விட்டுவிட்டு, கூட இருந்த மற்றவர்களிடம் பேசினேன். 1950 ஆணையை நாம் எழுதவில்லை. நம் மேல் குற்றம் இல்லை. அதை எதிர்த்து 2004-இலிருந்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு கிடக்கிறது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல், பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கலாம் என்றது. 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமே தீர்மானம் நிறைவேற்றியது. ஒவ்வோர் ஆகஸ்ட் 10-ஆம் தேதியும் கறுப்பு நாள் கடைப்பிடிக்கிறார்கள், விழுப்புரத்திலும் நடக்கிறது. போய்ப் பார்த்தால் நிற்பவர்கள் எல்லாம் பாதிக்கப்பட்டவர்கள்தான். சான்றிதழில் எதையும் இழக்காத நம்மைப் போன்றவர்களை அங்கே தேட வேண்டியிருக்கிறது.

சபைக் கமிட்டிச் செயலாளரும் அன்று எங்களோடுதான் இருந்தார். அடுத்த ஆகஸ்ட் 10-க்குச் சபை சார்பில் வேன் வைக்கலாமா என்று கேட்டேன். கமிட்டியில் வைத்துப் பார்க்கலாம் என்றார். எந்தத் தேதிக் கமிட்டி என்று கேட்டு டைரியில் குறித்துக்கொண்டேன்.