பட்டணத்துக் கூரை மழையும் நமது வயல் நீரும்

சென்ற ஆவணி மாதத்தில் சொந்த அலுவல் நிமித்தம் சென்னைக்குச் சென்று, மயிலாப்பூரை அடுத்த மந்தைவெளியில் என் தமக்கையார் இல்லத்தில் பத்து தினங்கள் தங்க நேர்ந்தது. புறப்படுவதற்கு முன் எங்கள் பிர்க்காவைச் சேர்ந்த மிராசுதார் ஒருவர் என்னை நிறுத்தி, "உலகத்தின் சீதோஷ்ணமே மாறுகிறது என்கிறீர்கள். அதற்குக் காரணம் பெரிய ஆலைகளும் பெரிய தேசங்களும் என்றால், ஒற்றைக் குடும்பஸ்தன் செய்யக்கூடியது யாது?" என்று வினவினார். அச்சமயம் தக்க விடை என்னிடம் இருக்கவில்லை. பட்டணத்தில் கண்டவற்றைக் கொண்டு இப்போது எழுதத் துணிகிறேன்.

நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் எழும் கரியமில வாயு பூமியின் உஷ்ணத்தை இதுவரை 1 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் உயர்த்தியிருக்கிறது. உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிகமான ஈரத்தைத் தாங்கும். ஆதலின் மழை சில தினங்களில் வெள்ளமாகக் கொட்டுவதும், பின்னர் நெடுநாள் காய்வதும் அதிகரிக்கின்றன. இவ்விரண்டையும் சென்னை நான்கே ஆண்டுகளுக்குள் அனுபவித்தது. 2015 நவம்பர் மாதத்தில் மட்டும் நகரில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை புரண்டு வீடுகளுக்குள் புகுந்தது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் மூலம், தடவை ஒன்றுக்கு 25 லட்சம் லிட்டராகக் குடிநீர் கொண்டுவரப்பட்டது.

பட்டணத்தாரின் தாகம் நமக்கு எவ்வகையில் சம்பந்தம் எனச் சிலர் எண்ணலாம். சம்பந்தம் மிகவும் உண்டு. திருவள்ளூர் பக்கத்துக் குடியானவர்களின் கிணறுகளிலிருந்து நகருக்கு நீர் வாங்கப்பட்டதும், மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி இறைத்ததால் கடல் நீர் நிலத்தடியில் ஏறி நஞ்சைகள் உவர்ந்ததும் பழைய வரலாறு. காவிரிப் பாசனத்தைச் சார்ந்த வீராணம் ஏரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம் குழாய் அமைத்து 2004 முதல் சென்னைக்கு நீர் செல்கிறது. இவையும் போதாமல் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல் நீரைக் குடிநீராக்குகிறார்கள். அவ்விதம் 1,000 லிட்டர் நீர் எடுக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகும். அம்மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியில் பிறப்பது. ஆகவே மயிலாப்பூரில் ஒரு வீட்டின் மழைநீர் சாக்கடைக்குப் போனால் அதன் விலையை மூவர் செலுத்துகிறோம்: அவ்வீட்டார், எங்கோ உள்ள ஒரு குடியானவர், இந்த ஆகாயம்.

கணக்கைச் சிறிது பார்க்கலாம். சென்னையில் ஆண்டுக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர், அதாவது சுமார் 55 அங்குல மழை பெய்கிறது. 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் விழுவது 1,40,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாயிற்று என்று தள்ளினாலும் 1,12,000 லிட்டர் மிஞ்சும். இதையே கடலிலிருந்து எடுப்பதானால் ஏறக்குறைய 400 யூனிட் மின்சாரம் வேண்டும். நிலத்தில் இறங்கியது அத்தனையும் அதே வீட்டுக் கிணற்றுக்குத் திரும்பும் என்று நான் கூறமாட்டேன். ஒரு பகுதி அண்டை வீட்டாருக்குப் போகும், போகட்டுமே.

எல்லாக் கட்டிடங்களிலும் மழைநீர் சேகரிப்பு வசதி இருக்கவேண்டும் என்று 2003-ஆம் ஆண்டில் நமது சர்க்கார் சட்டம் செய்தது. அதற்கு முன்னரே, இயற்பியல் பயின்ற ஸ்ரீ சேகர் ராகவன் என்பவர் பெஸன்ட் நகரில் வீடு வீடாகச் சென்று இதனைப் போதித்து வந்தார். அவரது முயற்சியால் 2002-இல் மந்தைவெளியில் 'மழை இல்லம்' என்ற காட்சிசாலை திறக்கப்பட்டது. மண்ணின் தன்மைக்கேற்ப முறை மாறவேண்டும் என்பதே இதில் முக்கியம். அடையாறு, பெஸன்ட் நகர் போன்ற கடலோர மணற்பாங்கில் நீர் விரைவில் இறங்கும். அங்கே நல்ல நீர் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்பதால், மழை இறங்க இறங்க உவர்ப்பு கீழே தள்ளப்படும். களிமண் இடங்களில் மேலோட்டமான குழி பயன்படாது. களியைத் தாண்டி உறை இறக்கவேண்டும்.

இனி என் தமக்கையார் வீட்டு விஷயம். மாடியிலிருந்து இறங்கும் குழாயைக் காட்டி, "அக்கா, இது எங்கே போகிறது?" என்றேன். "சட்டம் வந்தபோது போட்டதப்பா, எங்கேயோ போகும்" என்றார். மறுநாள் மூடியைப் பெயர்த்துப் பார்த்தோம். இரண்டடி ஆழக் குழி. ஜல்லியும் மணலும் நிரப்பி, அதன்மேல் பத்து வருஷத்துச் சேறும் மாவிலைச் சருகும். ஒரு குடம் நீர் ஊற்றினால் அப்படியே நிற்கிறது. கொல்லையில் பழைய கிணறு ஒன்று குப்பையுடன் சும்மா கிடக்கிறது! நகைத்துவிட்டுப் பின்னர் வெட்கினேன். ஏனெனில் ஊரில் என் வீட்டுக் குழியும் மூன்று வருஷமாகத் திறக்கப்படவில்லை.

செய்த வேலை அதிகமன்று. கிணற்றைத் தூர் வாரினோம். மாடிக் குழாயை, கூழாங்கல்லும் மணலும் இட்ட சிறு தொட்டி வழியாகக் கிணற்றுக்குத் திருப்பினோம். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விடுவதற்கு ஒரு திறப்பு வைத்தோம். வாசல் தளத்தில் ஓடும் நீருக்காக வெளிக் கதவருகே மூன்றடி அகல உறைக்கிணறு ஒன்று இறக்கினோம். அதை ஜல்லியால் நிரப்பாமல் காலியாகவே விடவேண்டும். நிரப்பினால் நீருக்கு இடமில்லை, தூர் வாரவும் வழியில்லை.

ஓர் ஏரியை மறந்தால் என்னவாகும் என்பதற்குத் தியாகராய நகரே சான்று. 1920-களில் அங்கிருந்த நீண்ட ஏரியை வடித்து அப்பகுதியை உண்டாக்கினார்கள். இன்று 'லேக் வியூ ரோடு', 'டேங்க் பண்டு ரோடு' என்ற பெயர்கள் மட்டும் எஞ்சியுள்ளன. கிராம நிர்வாக அலுவலர்கள் தங்கள் கணக்கிலுள்ள குட்டைகளை இத்துடன் ஒப்பிட்டுக்கொள்வார்களாக.

சமையலறைக் கழிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்சென்னையின் குப்பை பல்லாண்டுகளாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடியில் குவிந்தது. காற்றுப் புகாமல் அழுகும் காய்கறித் தோலிலிருந்து மீத்தேன் வாயு பிறக்கிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். தோலைச் சருகுடன் அடுக்கடுக்காகத் தொட்டியில் இட்டு வாரம் ஒருமுறை கிளறினால் எருவாகும். எருக்குழி நமக்கு நான் கற்பிக்கவேண்டியதன்று.

ஆனால் அதே மீத்தேன் நமது நஞ்சையிலும் பிறக்கிறது என்பதைப் பலர் அறியார். இடைவிடாது நீர் தேங்கிய வயலில் மண் மூச்சற்றுப் போவதே காரணம். 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று நாம் கூறும் முறையே இதற்கு மருந்து. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய்த் துண்டின் கீழ்ப்பாதியில் துளைகள் இட்டு, அப்பாதியை வயலில் புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிடுக. நட்ட முதல் இரண்டு வாரங்கள் களை அடங்குவதற்காக நீர் நிற்கட்டும். பிறகு, குழாய்க்குள் நீர் மண் மட்டத்திற்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும் வரையில் பாய்ச்சாமலிருந்து, அப்பால் 5 சென்டிமீட்டர் உயரத்திற்குப் பாய்ச்சுக. பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடலாகாது. இதனால் நீரில் 30 சதவீதம் வரை மிச்சமாகும். மீத்தேன் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும். பம்பு ஓடும் நேரமும் குறையும். மேல்மண் காய்ந்ததைக் கண்டு பயந்து மடையைத் திறப்பவர்களே அதிகம். குழாய்க்குள் பாருங்கள், வேருக்கு எட்டும் நீர் அங்கே இருக்கும்.

வாய்க்கால் முறைப்பாசனத்தில் ஒருவர் மட்டும் இதைச் செய்வது கடினம். மடை ஒன்றைச் சார்ந்த அனைவரும் பேசி முடிவு செய்யவேண்டும். உவர் நிலத்தாருக்கு இதை நான் சிபாரிசு செய்யவில்லை. யூரியாவை அளவுக்கு மேல் இடுவோருக்கும் ஓர் எச்சரிக்கை: காய்ந்து நனையும் நிலத்தில் மிகுந்த தழைச்சத்து நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற வேறொரு தீய வாயுவாகப் போகும்.

வினவிய மிராசுதார் தமது இரண்டு ஏக்கர் சம்பாவில் குழாய் வைக்கச் சம்மதித்திருக்கிறார். என் வீட்டுக் குழியைப் புரட்டாசி முதல் வாரத்தில் திறந்து தூர் வாரினேன். பள்ளிக்கூடத்துக் குழியும் பஞ்சாயத்துக் கட்டிடத்துக் குழியும் ஐப்பசி மழைக்கு முன் வாரப்படவேண்டியிருக்கின்றன.