எடை ஒன்றுதான், சத்து ஒன்றல்ல

புரட்டாசி மழையை நம்பி விதைக்கும் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் கரிசல் காடுகளில் கம்பும் சோளமும்தான் பழைய தானியங்கள். இப்போது தூத்துக்குடி மாவட்ட மானாவாரியில் மக்காச்சோளம் பெரும்பரப்பைப் பிடித்துவிட்டது. அதை வாங்குவோரில் முக்கியமானவை கோழித் தீவன ஆலைகள். மூன்று தானியமும் எடைக்கே விலைபோகின்றன. ஆனால் கோழியின் வயிற்றுக்கு மூன்றும் ஒன்றல்ல; ஒரே தானியத்தின் இரண்டு மூட்டைகள்கூட ஒன்றல்ல.

மக்காச்சோளம் ஒரு கிலோ தின்றால் கோழிக்குச் சுமார் 3,300 கிலோகலோரி ஆற்றல் கிடைக்கும். புரதமோ 8, 9 விழுக்காடுதான். அதிலும் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. கம்பில் புரதம் 11, 12 வரை வரும்; லைசினும் கூடுதல். ஆனால் மஞ்சள் மக்காச்சோளத்தில் உள்ள நிறமி கம்பில் மிகக் குறைவு. அதனால் முட்டையின் மஞ்சள் கரு வெளிறிவிடும்.

இவை சராசரிக் கணக்குகள். மழையும் மண்ணும் இவற்றை மாற்றிவிடும். கதிர் பால் பிடித்தபின் மழை பொய்த்தால், மணிக்குள் மாவுச்சத்து நிரம்பாமல் சுருங்கும். மாவு குறைந்ததால் புரத விழுக்காடு ஏறியதுபோல் தெரியும். கோழிக்கான ஆற்றல் குறைந்திருக்கும். யூரியா தாராளமாகப் போட்டாலும் மக்காச்சோளத்தில் புரதம் கூடும். ஆனால் கூடுவதில் பெரும்பங்கு, லைசின் அறவே இல்லாத சீன் என்ற புரதம். ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கியே புரதம் கணக்கிடுகிறார்கள். அந்த எண்ணில் இந்த வேறுபாடு தெரியாது.

சோளத்தில் இன்னொரு சிக்கல் டானின். துவர்ப்பான இந்தப் பொருள் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு செரிமானத்தைக் கெடுக்கும். சிவந்த சோளமெல்லாம் டானின் உள்ளது என்று ஒதுக்குவது தவறு. மேல்தோலுக்கு அடியில் நிறமேறிய உள்தோல் இருந்தால்தான் டானின் இருக்கும். காஸ்டிக் சோடா கலந்த பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்தால் அத்தகைய மணிகள் கறுத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஈரம். 18 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோவில் 18 கிலோ தண்ணீர்தான். அந்த ஈரத்தில் பூசணம் பிடித்து அஃப்ளடாக்சின் நஞ்சும் சேரலாம். சேமிப்புக்கு 14-க்குள் காய வேண்டும். கடலோரக் காற்றில் கிடங்கு வைத்திருப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

லைசின் குறையை மீன்தூளாலோ சோயாப் புண்ணாக்காலோ ஈடுகட்டலாம். எவ்வளவு சேர்ப்பது என்பதைப் புத்தகச் சராசரியை வைத்து முடிவு செய்தால் தீவனத்தில் சத்து குறையும், அல்லது காசு வீணாகும். வந்திறங்கும் ஒவ்வொரு லோடிலும் மாதிரி எடுத்துப் பார்ப்பதே சிக்கனம்.